எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு குழாய்

வானகரத்தை ஒட்டிப் பூந்தமல்லி நெடுஞ்சாலையும் சென்னைப் புறவழிச்சாலையும் சந்திக்கும் பகுதியில், பழுதுபட்டு ஓரங்கட்டிய சரக்கு லாரிகளை எந்நாளும் காணலாம். அப்படி நின்ற ஒரு லாரியின் அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக் ஒருவரை ஒருநாள் கவனித்தேன். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட இரும்புக் குழாயை அவர் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்பானரை எடுக்கும் முன் அவர் செய்த முதல் வேலை, குழாயும் அதனுள் நுழையும் பல்வரித் தண்டும் சேருமிடத்தில் சாக்பீஸால் நீளவாக்கில் ஒரு கோடு இழுத்ததுதான்.

“எதற்கு இந்தக் கோடு?” என்று கேட்டேன்.

“திரும்ப மாட்டும்போது இது ஒரு பல்லு தள்ளிப் போனாலும் வண்டி ஆடும் சார். கிராஸும் சீக்கிரம் போயிடும்” என்றார்.

பட்டறைகளில் ‘புரொப்பெல்லர் ஷாஃப்ட்’ எனப்படும் இந்தக் குழாயை நாம் இக்கட்டுரையில் செலுத்து தண்டு என அழைப்போம். அதன் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகளின் நடுவே கூட்டல் குறி வடிவில் அமைந்த துண்டுதான் அவர் சொன்ன ‘கிராஸ்’. எஞ்சின் எவ்வளவு ஆற்றலை உண்டாக்கினாலும், பின்சக்கர இயக்கமுடைய வண்டியில் அது இந்த ஒரு குழாய் வழியாகத்தான் சக்கரத்தை அடைந்தாக வேண்டும். 50 குதிரைத்திறன் கொண்ட காரில் யாரும் இதைப் பற்றி நினைப்பதில்லை. 500 குதிரைத்திறன் கொண்ட பந்தயக் காரிலோ இது ஓட்டுநரின் உயிரைப் பற்றிய வினாவாகிவிடுகிறது. அத்தகைய காருக்கு எப்படிப்பட்ட தண்டைத் தேர்ந்தெடுப்பது?

இதே வினாவை வகுப்பில் கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் தயங்காமல், “நல்ல கனமான, உள்ளே துளையில்லாத இரும்புக் கம்பியாகப் போட வேண்டும்” என்பார்கள். இயல்பாகத் தோன்றும் விடைதான். ஆனால் தவறான விடை. அது ஏன் தவறு என்பதைப் பொறியியலாளர்கள் அறிந்துகொண்ட வரலாறு ஏறத்தாழ 350 ஆண்டு நீளமுடையது.

ஹூக்கின் மூட்டு

காரின் கியர் பெட்டி சட்டத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. பின் அச்சோ ஸ்பிரிங்குகளின்மேல் மேலும் கீழும் துள்ளுகிறது. ஆகவே இரண்டையும் இணைக்கும் தண்டு, சுழன்றுகொண்டே சாய்வையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்குத் தேவையான மூட்டு காருக்கு வெகுகாலம் முன்பே தோன்றிவிட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களைத் தொங்கவிடும் அமைப்பை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் கார்டானோ விவரித்தார். ஐரோப்பாவில் இன்றும் இத்தண்டை அவர் பெயரால் ‘கார்டான் தண்டு’ என்றே வழங்குகின்றனர். ஆனால் சுழற்சியை ஒரு கோணத்தில் திருப்பி அனுப்ப இதனைப் பயன்படுத்தலாம் என்பதை 1676இல் வெளியிட்ட நூலில் தெளிவாக எழுதியவர் இராபர்ட் ஹூக். ஸ்பிரிங்கின் நீட்சியைப் பற்றிய விதியால் நம் மாணவர்களுக்கு அறிமுகமான அதே ஹூக்தான். சூரியனைப் பார்க்கும் கருவியையும் சூரியக் கடிகாரத்தையும் பற்றிய வேலையில் அவருக்கு இந்த மூட்டு தேவைப்பட்டது.

இம்மூட்டுக்கு ஒரு குறை உண்டு. இரு தண்டுகளும் ஒரு கோணத்தில் சந்திக்கும்போது, முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். கோணம் 10 பாகையானால் வேக மாறுபாடு மேலே 1½ விழுக்காடு, கீழே 1½ விழுக்காடு. 30 பாகையானால் அது மேலே 15, கீழே 13 விழுக்காடாகப் பெருகிவிடும். நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் தண்டு நிமிடத்துக்கு 10,000 முறை முன்னும் பின்னும் வெட்டி இழுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு எளிது. மறுமுனையில் இன்னொரு மூட்டை வைத்து, இரு மூட்டுகளிலும் கோணத்தைச் சமமாக்கி, குழாயின் இரு முனைகளிலுமுள்ள கவைகளை ஒரே தளத்தில் அமைத்தால், முதல் மூட்டு செய்யும் குற்றத்தை இரண்டாவது மூட்டு அழித்துவிடும். கவைகள் ஒரே தளத்தில் இல்லாவிட்டாலோ ஒரு குற்றத்தோடு இன்னொன்று கூடும். மெக்கானிக்கின் சாக்பீஸ் கோடு காத்துவந்தது இந்தத் தளத்தைத்தான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கோணமே இல்லாமல் தண்டை முற்றிலும் நேராக வைத்தால் மிக நல்லது என்று தோன்றும். அதுவும் கூடாது. மூட்டினுள் உள்ள ஊசி உருளைகள் சற்றும் புரளாமல் ஒரே இடத்தில் அழுந்தி, அங்கே பள்ளம் பதித்துவிடும். அரைப் பாகையிலிருந்து ஒரு பாகையாவது சாய்வு இருந்தால்தான் மூட்டு நெடுநாள் உழைக்கும்.

சங்கிலியா, தண்டா?

தொடக்ககாலக் கார்களில் பெரும்பாலானவை மிதிவண்டியைப் போலச் சங்கிலியால்தான் ஓடின. 1898 டிசம்பரில் லூயி ரெனோ என்ற பிரெஞ்சு இளைஞர் தம் சிறு காரில் சங்கிலியை நீக்கிவிட்டுச் செலுத்து தண்டைப் பொருத்தி, பாரிஸ் நகரின் செங்குத்தான ஒரு தெருவில் ஏறிக் காட்டினார். எஞ்சினின் திறன் 1¾ குதிரைத்திறன் மட்டுமே. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் கிளாரன்ஸ் ஸ்பைசர், மூட்டை உறைக்குள் அடைத்துத் தூசு புகாமலும் எண்ணெய் கசியாமலும் இருக்கச் செய்து 1903இல் காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டே தொழில் தொடங்கினார். இன்றும் நம்மூர் உதிரிப்பாகக் கடைகளில் ஸ்பைசர் என்ற பெயர் புழங்குகிறது.

சிறு கார்களுக்குத் தண்டு சரி, ஆனால் பெருந்திறன் கார்களுக்குச் சங்கிலியே தாங்கும் என்ற நம்பிக்கை மட்டும் எளிதில் அழியவில்லை. 1906 ஜூன் மாதம் பிரான்சில் லெமான் நகருக்கருகே முதலாவது கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தபோது, 90 குதிரைத்திறன் கொண்ட ரெனோ கார் செலுத்து தண்டோடு ஓடியது. இரண்டு நாட்களில் 1,238 கிலோமீட்டர் ஓடி, ஹங்கேரியரான பெரென்ஸ் சிஸ் அதில் வென்றார். இரண்டாவதாக வந்த ஃபியட் சங்கிலி வண்டி. தண்டு ஆதரவாளர்கள் இதைப் பெரிதாகப் பேசினார்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால், அந்த வெற்றிக்கு முதற்காரணம் டயரை விரைவில் மாற்றக் கழற்றக்கூடிய ரிம்களை ரெனோ பயன்படுத்தியதுதான். தண்டு செய்த தொண்டு, 1,238 கிலோமீட்டரும் ஒடியாமல் இருந்தது. அது சிறிய தொண்டன்று.

அதன் பிறகும் பேருருவக் கார்கள் சங்கிலியை விடவில்லை. 1911இல் உருவான ஃபியட் எஸ் 76 காரின் எஞ்சின் கொள்ளளவு 28 லிட்டருக்கும் மேல். அதுவும் சங்கிலியால் ஓடியதே. 1927 மார்ச் 3ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரையில், 27 லிட்டர் விமான எஞ்சின் பொருத்திய ‘பாப்ஸ்’ என்ற காரில் வேகச் சாதனைக்கு முயன்ற பாரி தாமஸ் உயிரிழந்தார். அறுந்த சங்கிலி அவரைத் தாக்கியது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மணலில் புதைக்கப்பட்ட அந்தக் கார் 1969இல் தோண்டி எடுக்கப்பட்ட பின்னர் அக்கருத்தை ஐயுற்றோர் உண்டு. எப்படியாயினும், பெருந்திறன் கார்களில் சங்கிலியின் காலம் அத்துடன் முடிந்துவிட்டது எனலாம்.

ஆனால் தண்டு வெற்றி பெற்றதும் அதற்கே உரிய ஆபத்து வெளிப்படத் தொடங்கியது. அது முறிவதல்ல, வளைவது.

கயிறாடும் தண்டு

இரு சிறுமியர் ஒரு கயிற்றின் முனைகளைப் பிடித்துச் சுழற்ற, நடுவில் ஒருத்தி குதித்து விளையாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். சுழலும் கயிறு நடுவில் புடைத்து வில்லாக வளைகிறதல்லவா? இரும்புத் தண்டும் இதையே செய்யும். எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தாலும் தண்டின் எடை மையம் அதன் அச்சில் துல்லியமாக அமைவதில்லை. தலைமுடி அளவு விலகியிருந்தாலும், சுழலும்போது மையவிலக்கு விசை அதை வெளியே இழுக்கும். தண்டின் விறைப்பு அதை உள்ளே இழுக்கும். வேகம் கூடக்கூட மையவிலக்கு விசை வேகத்தின் இருமடியாகப் பெருகுகிறது. விறைப்போ மாறுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் விறைப்பு தோற்றுவிடும். தண்டு கயிறாடத் தொடங்கிவிடும். அந்த வேகத்தையே மாறுநிலை வேகம் என்கிறோம். தண்டைக் குறுக்காகத் தட்டினால் அது எந்த அதிர்வெண்ணில் அதிருமோ, அதுவே இந்த மாறுநிலை வேகம்.

1869இல் ஸ்காட்லாந்து அறிஞர் ரேங்கின் இதனை முதலில் ஆராய்ந்தார். மாறுநிலை வேகத்துக்கு அப்பால் எந்தத் தண்டும் நிலையாக ஓட முடியாது என்பது அவர் முடிவு. இருபது ஆண்டுகளுக்குள் சுவீடன் நாட்டு தெ லவால் அதைப் பொய்யாக்கினார். நிமிடத்துக்கு 30,000 சுற்று ஓடும் தம் நீராவிச் சுழலியில் அவர் வேண்டுமென்றே மெல்லிய, வளையும் தண்டைப் பொருத்தினார். அது மாறுநிலை வேகத்தை விரைந்து கடந்து, அப்பால் அமைதியாகச் சுழன்றது! 1894இல் இங்கிலாந்தின் டங்கர்லி பல வகைத் தண்டுகளைச் சோதித்து, மாறுநிலை வேகத்தைக் கணிக்கும் வழியைத் தந்தார். தெ லவாலின் தண்டு ஏன் அமைதியடைந்தது என்பதை 1919இல் ஜெஃப்காட் தெளிவாக விளக்கினார். மாறுநிலைக்கு அப்பால் தண்டு தன் எடை மையத்தைச் சுற்றியே சுழலத் தொடங்குகிறது என்பதே அவ்விளக்கம்.

அப்படியானால் காரிலும் மாறுநிலையைத் தாண்டி ஓட்டலாமே என்று வாசகர் கேட்கலாம். சுழலி நாளுக்கு ஒருமுறை தொடங்கி ஒருமுறை நிற்பது. கார் ஓட்டுநரோ ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வேகத்தை ஏற்றி இறக்குகிறார். மாறுநிலை வேகத்திலேயே சற்று நேரம் தங்கிவிட்டாலும் போதும், குழாய் மடங்கிக் கிழிந்துவிடும். ஆகவே காருக்கு ரேங்கின் சொன்ன எச்சரிக்கையே ஏற்றது.

கணக்கு என்ன சொல்கிறது?

இரு மூட்டுகளுக்கும் இடையே 1.5 மீட்டர் நீளமும், 75 மில்லிமீட்டர் வெளிவிட்டமும், 2 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். 6,000 சுற்றில் 500 குதிரைத்திறன் தரும் எஞ்சினின் முறுக்குவிசை சுமார் 600 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் இது மும்மடங்காகி 1,800 ஆகும். அப்போது குழாயின் சுவரில் தோன்றும் சறுக்குத் தகைவு, சதுர மில்லிமீட்டருக்கு 110 நியூட்டன்தான். சாதாரண எஃகே இதைத் தாங்கும். கிளட்சைத் திடீரென விட்டால் இது இருமடங்காகலாம் என்பதால், பந்தயத்துக்கு உயர்தர எஃகும் பெரிய கிராஸும் தேவைப்படும். அவ்வளவுதான். உண்மையில் முறுக்கில் முதலில் முறிவது குழாயன்று, மூட்டே.

இனி அதே குழாயின் மாறுநிலை வேகத்தைக் கணக்கிட்டால் சுமார் 5,500 சுற்று வருகிறது. மேல் கியரில் தண்டு எஞ்சினோடு சமமாகச் சுழலும் என்றால், 6,000 சுற்று எஞ்சினுக்கு இக்குழாய் எமன். ஐந்தாவது கியர் எஞ்சினைவிடத் தண்டை வேகமாகச் சுழற்றும் வகையினதாக இருந்தால், ஆபத்து இன்னும் முன்னதாகவே வரும். வலுவில் தேறிய குழாய் வேகத்தில் தவறிவிட்டது.

இப்போது நம் மாணவர்களின் கனத்த கம்பியைச் சோதிப்போம். அதே முறுக்கை அதே தகைவில் தாங்க 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையற்ற கம்பி போதும். ஆனால் குழாயின் எடை 5½ கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. கம்பியின் எடையோ ஏறத்தாழ 18 கிலோகிராம். அதன் மாறுநிலை வேகம் வெறும் 2,300 சுற்று! சரி, குழாயைப் போலவே 75 மில்லிமீட்டர் பருமனில் துளையற்ற கம்பி போட்டாலோ? அப்போதும் 4,000 சுற்றுதான். கம்பியின் நடுவிலுள்ள இரும்பு விறைப்புக்கு அதிகம் உதவாமல் எடையை மட்டும் கூட்டுகிறது. மூங்கில் ஏன் உள்ளே வெற்றிடமாக வளர்கிறது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் கொடியது நீளம். மாறுநிலை வேகம் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 1.5 மீட்டரை 1 மீட்டராக்கினால் 5,500 என்பது 12,000க்கு மேலாகிவிடும். நீளத்தைக் குறைக்க முடியாத லாரிகளில் தண்டை இரண்டு மூன்று துண்டாக்கி, இடையில் சட்டத்தோடு பிணைத்த சென்டர் பேரிங் வைப்பது இதனால்தான்.

ஆனால் சென்டர் பேரிங் வைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1964இல் வெளிவந்த ஃபெராரி 275 ஜி.டி.பி. காரில் கியர் பெட்டியை எஞ்சினிலிருந்து பிரித்துப் பின் அச்சோடு சேர்த்து வைத்தார்கள். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தண்டு கியர் பெட்டிக்கு முன்னால் வந்துவிடுவதால், முதல் கியரின் மும்மடங்கு முறுக்கு அதன்மேல் விழுவதேயில்லை. ஆகவே தண்டு மெல்லியதாக இருக்கலாம். ஆனால் எந்தக் கியரிலும் அது எஞ்சினின் முழு வேகத்தில் சுழன்றாக வேண்டும். மெல்லிய தண்டும் மிகுந்த வேகமும் ஒன்றுக்கொன்று பகை. நடுவில் பேரிங் வைத்தும் எஞ்சின், பேரிங், கியர் பெட்டி மூன்றும் ஒரே கோட்டில் நிற்க மறுத்தன. அதிர்வு தொல்லை தந்தது. மூட்டுகளை மாற்றிப் பார்த்தார்கள். இறுதியில் 1966இல் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரு விறைத்த குழலால் இணைத்து, அதனுள் தண்டை ஓடவிட்ட பிறகே சிக்கல் தீர்ந்தது. பின்னர் போர்ஷே நிறுவனம் 924, 928 ஆகிய கார்களில் 2 முதல் 2½ செ.மீ. பருமனே உள்ள தண்டை இப்படிக் குழலுக்குள் பேரிங்குகளின் மேல் ஓட்டிக் காட்டியது. நம் மாணவர்களின் மெல்லிய கம்பி, தக்க துணையிருந்தால், அங்கே வெற்றி பெற்றுவிட்டது என்றும் சொல்லலாம்!

சோழவரம் ஓடுதளம்

வானகரத்திலிருந்து புறவழிச்சாலையில் வடக்கே சென்று புழல், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமைத்த விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த அந்த ஓடுதளத்தைப் பந்தயக் களமாக்கியது. ஆண்டுதோறும் நடந்த சோழவரம் பந்தயங்களுக்குச் சென்னையிலிருந்து பெருங்கூட்டம் திரண்டது. 1980களின் இறுதி வரை நம் நாட்டு மோட்டார் பந்தயத்தின் தலைமைக் களம் அதுவாகவே இருந்தது.

அங்கு ஓடியவற்றில் பெரும்பகுதி நாம் தெருவில் கண்ட கார்களே. கல்கத்தாவுக்கு அருகே செய்த அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகிய மூன்றுமே முன்னால் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்டவை. இவற்றின் எஞ்சினைப் பந்தயத்துக்காகத் திருத்தினார்கள். அழுத்தத்தைக் கூட்டுவார்கள், வால்வுகளைப் பெரிதாக்குவார்கள், கார்புரேட்டரை இரட்டிப்பார்கள். கூடுதல் திறன் எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் கூடுதல் சுற்றிலிருந்து. 4,200 சுற்றில் தன் முழுத் திறனைத் தந்த அம்பாசிடரின் 1,489 கன செ.மீ. எஞ்சினை 6,000 சுற்றுக்கு ஏற்றினால், நான்காவது கியர் நேரடி என்பதால் செலுத்து தண்டும் 6,000 சுற்றுக்கு ஏறியாக வேண்டும். விமான ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதையில் அந்த வேகம் ஒரு நொடியில் முடிவதில்லை, தொடர்ந்து நிற்கும். எஞ்சினைத் திருத்தியவர் தண்டைத் திருத்தவில்லையென்றால் அதன் விளைவை இக்கட்டுரையை இதுவரை படித்தவர் கணித்துவிடலாம்.

இதே களத்தில்தான் இன்னொரு வகைக் காரும் வந்து நின்றது. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரைச் சோழவரத்தில் ஓட்டினார். அக்காரின் அடியில் குனிந்து பார்த்தவர்கள் செலுத்து தண்டைத் தேடியிருந்தால் ஏமாந்திருப்பார்கள். அங்கே அது இல்லை.

தண்டு மறைந்த கதை

1950களின் பந்தயக் கார்களில் எஞ்சின் முன்னே, ஓட்டுநர் பின்னே. இருவருக்கும் இடையே செலுத்து தண்டு ஓடியாக வேண்டும். வான்வால் காரில் ஓட்டுநர் தண்டின் மேலேயே உயரமாக அமர்ந்தார். லோட்டஸ் 16 காரில் எஞ்சினைச் சாய்த்து வைத்து, தண்டை இருக்கையின் பக்கவாட்டில் கொண்டு சென்றார்கள். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் தண்டு, தொடைக்கு ஒரு சாண் தொலைவில்!

இங்கிலாந்தின் கூப்பர் நிறுவனம் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தது. 1958 ஜனவரியில் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் ஸ்டெர்லிங் மாஸ் அத்தகைய காரில் வென்றார். 1959, 1960 இரண்டு ஆண்டுகளும் கூப்பர் ஓட்டிய ஜாக் பிரபாம் உலகச் சாம்பியன். 1960 செப்டம்பரில் இத்தாலியில் ஃபில் ஹில் ஃபெராரியில் பெற்ற வெற்றியே உலகச் சாம்பியன் பந்தயங்களில் முன் எஞ்சின் கார் பெற்ற கடைசி வெற்றி. எஞ்சினைப் பின்னால் கொண்டுபோனதற்கு எடைப் பங்கீடு, காற்றுத் தடை எனப் பல காரணங்கள் உண்டு. நீண்ட தண்டை ஒழித்து ஓட்டுநரைத் தாழ உட்கார வைக்க முடிந்தது அவற்றுள் ஒன்று. எஞ்சியவை சக்கரங்களுக்குச் செல்லும் இரு குறுந்தண்டுகளே. நீளம் அரை மீட்டரளவு என்பதால் மாறுநிலை வேகம் அங்கே கவலைக்குரியதன்று.

நம் நாட்டிலும் இம்மாற்றம் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தபோது முன்சக்கர இயக்கம் பரவலாகி, சிறு கார்களின் அடியிலிருந்து செலுத்து தண்டு மறையத் தொடங்கியது. கோயமுத்தூரின் கரிவர்தன், அதே மாருதி எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை 1980களின் இறுதியில் உருவாக்கினார். விலை குறைந்த அக்கார்களால் இளைஞர் பலர் பந்தயத்துக்குள் வர முடிந்தது. அவர் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். சோழவரத்துக்குப் பதிலாக, வானகரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயத்தடம் 1990இல் திறக்கப்பட்டது.

அலுமினியம், கார்பன்

ஆனால் தண்டு முற்றிலும் மறையவில்லை. லாரிகளிலும், பின்சக்கர இயக்கமுடைய திறன்மிகு கார்களிலும், குறுந்தொலைவு நேர்ப்பந்தயக் கார்களிலும் இன்றும் அது உண்டு. அவற்றுக்கு எந்தப் பொருளில் தண்டு செய்வது என்பதில் ஓர் அழகான இயற்பியல் உள்ளது. மாறுநிலை வேகம், யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்த எண்ணைப் பொறுத்தது. எஃகின் குணகம் அலுமினியத்தைப் போல் மூன்று மடங்கு. அடர்த்தியும் மூன்று மடங்கு! ஆகவே ஒரே அளவில் செய்த எஃகுக் குழாயும் அலுமினியக் குழாயும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் கயிறாடும். “அலுமினியம் போட்டால் வேகம் தாங்கும்” என்று கடைக்காரர் சொன்னால், “விட்டம் எவ்வளவு?” என்று திருப்பிக் கேளுங்கள். எடை குறைவதால் குழாயைப் பருமனாக்க முடியும் என்பதே அலுமினியத்தின் நன்மை. 75 மில்லிமீட்டரை 100 ஆக்கினால் நம் 5,500 சுற்று 7,400 ஆகும்.

கார்பன் இழையின் நிலை வேறு. இழைகளை அச்சின் திசையில் நிறையப் படுக்கவைத்தால் மேற்சொன்ன எண் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். ஆனால் முறுக்கைத் தாங்கச் சில இழைகள் சாய்ந்திருக்க வேண்டும். எத்தனை இழை எந்தக் கோணத்தில் என்பதே அங்கு வடிவமைப்பு. 1985இல் ஃபோர்டு எக்கனோலைன் வேனில் இழைக்கலவைத் தண்டு வந்தது. 2014இல் பி.எம்.டபிள்யூ. எம் 3 காரில் சென்டர் பேரிங் இல்லாத ஒற்றைக் கார்பன் தண்டைப் பொருத்தினார்கள். 2017இல் அதை எடுத்துவிட்டு மறுபடி எஃகுக்கே திரும்பினார்கள். புகையை வடிகட்டும் புதிய கருவிக்கு இடம் வேண்டியிருந்தது, பருத்த கார்பன் குழாய் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. உயர்ந்த பொருளே எப்போதும் பொருத்தமான பொருளன்று.

அளந்து வாங்குதல்

பழைய பின்சக்கர இயக்கக் காரில் பெரிய எஞ்சின் பொருத்தும் ஆர்வம் இன்றைய இளைஞரிடையே காணப்படுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவு அதிகாரியின் இசைவின்றி அத்தகைய வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. பந்தயத் தடத்துக்கெனச் செய்பவர் தண்டுக்கு அளவு கொடுக்கும்போது காரை ஜாக்கியில் தூக்கி வைத்து அளக்கக் கூடாது. பின் அச்சு தொங்கி நீளமும் கோணமும் மாறிவிடும். நான்கு சக்கரமும் தரையில் பட, தன் எடையைத் தானே சுமந்து நிற்கும்போதுதான் அளக்க வேண்டும். எஞ்சினின் உச்சச் சுற்றை மேல் கியரின் விகிதத்தால் வகுத்துத் தண்டின் உச்ச வேகத்தைக் கண்டு, அது மாறுநிலை வேகத்தில் முக்கால் பங்கைத் தாண்டாதபடி விட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய குழாயைப் பட்டறையில் வெட்டி ஒட்டி நீட்டிக்கொள்வது மிகத் தவறு. நீளும் ஒவ்வொரு அங்குலமும் மாறுநிலை வேகத்தைக் கீழே இழுக்கிறது. வெல்டிங் சூட்டில் குழாய் வளைவதும் உறுதி. செய்து முடித்த தண்டைச் சுழற்றியே சமநிலைப்படுத்த வேண்டும். 75 மில்லிமீட்டர்க் குழாயின் ஓரத்தில் 10 கிராம் எடை மிகையாக ஒட்டியிருந்தால், 6,000 சுற்றில் அது 15 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு மூட்டை உலுக்கும். தண்டுகளின் மேல் ஒட்டவைத்த சிறு தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இந்தச் சமநிலைக்காக வைக்கப்பட்டவை. அழகுக்கெனச் சுரண்டி எடுத்துவிட வேண்டாம்.

இவ்வளவு செய்தும் மூட்டு ஒடியலாம். பின் மூட்டு ஒடிந்தால் தண்டு தரையில் இழுபடும், வண்டி நின்றுவிடும். முன் மூட்டு ஒடிந்தால்தான் கொடுமை. தண்டின் முன்முனை சாலையில் குத்தி ஊன்ற, கழியூன்றித் தாண்டுபவரைப் போலக் காரின் பின்புறமே மேலெழும்பக்கூடும். அல்லது சுழலும் குழாய் தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வரும். அதனால்தான் அமெரிக்க நேர்ப்பந்தய விதிகள், முன் மூட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் தண்டைச் சுற்றிலும் ஓர் எஃகு வளையத்தைச் சட்டத்தோடு பிணைக்கச் சொல்கின்றன. 2 அங்குல அகலமும் கால் அங்குலத் தடிமனும் உள்ள பட்டையை வளைத்து எந்தப் பட்டறையிலும் இதைச் செய்துவிடலாம்.